யர்மலூன் மறக்காத பிள்ளைக்கு அறிவியல் ஏன் மறக்கிறது?

சென்ற ஆண்டு அரையாண்டுத் தேர்வு முடிந்த சமயம். மஃரிப் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒருவர் தன் மகனைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். பையன் ஒன்பதாம் வகுப்பு. காலையில் மக்தபில் ஓதிவிட்டுப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை.

"ஹஜ்ரத், இவனுக்குப் படிப்பு ஏறல. சயின்ஸ்ல பதினெட்டு மார்க். எதைப் படிச்சாலும் மறந்துடுறான். இந்த வருஷத்தோட நிறுத்திட்டு மச்சான் கடையில விட்டுடலாம்னு இருக்கேன். துஆ செய்யுங்க" என்றார்.

பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நான் அவனிடம் கேட்டேன்: "தம்பி, சுகூன் செய்யப்பட்ட நூனுக்குப் பிறகு எந்தெந்த எழுத்து வந்தால் இத்ஃகாம்?"

ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "யர்மலூன், ஹஜ்ரத். யா, ரா, மீம், லாம், வாவ், நூன்."

"கல்கலா எழுத்துகள்?"

"குத்பு ஜத். அஞ்சு எழுத்து."

"இதெல்லாம் எப்போ படிச்சே?"

"நாலாப்பு படிக்கும்போது."

நான் அவன் அத்தாவைப் பார்த்தேன். "பாய், அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி படிச்சதைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்றான். இவனையா மறதிப் புள்ளைங்கிறீங்க?"

அவர் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "அது ஓதல், ஹஜ்ரத். இது படிப்பு."

நம்மில் பல குடும்பங்களில் இந்த எண்ணம் இருக்கிறது. ஓதலுக்கு ஒரு மூளை, படிப்புக்கு வேறு மூளை என்பதுபோல் நடந்துகொள்கிறோம். அல்லாஹ் கொடுத்திருப்பது ஒரே மூளைதான். யர்மலூனை ஐந்து ஆண்டுகள் பிடித்து வைத்திருக்கும் அதே மூளைக்கு எட்டுக் கோள்களையும் இருபது தனிமங்களையும் பிடித்து வைக்க முடியும். பிடித்து வைக்கும் முறையைத்தான் நாம் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

மதரஸாவில் இருக்கும் நினைவுச் சொற்கள்

யர்மலூன் என்பது பொருளுக்காகச் சொல்லப்படும் சொல் அல்ல. ஆறு எழுத்துகளை வரிசையாக வைத்து, வாயில் வரும்படி சேர்த்துக் கட்டிய ஒரு மூட்டை. ஆறு எழுத்தைத் தனித்தனியாக நினைவில் வைப்பது கடினம்; ஒரு சொல்லை வைப்பது எளிது. ‘குத்பு ஜத்’ என்பதும் அப்படியே. அரபு இலக்கணத்தில் நிகழ்கால, எதிர்கால வினையின் முன்னால் வரும் நான்கு எழுத்துகளை ‘அதைன’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள்.

தஜ்வீதில் இக்ஃபா எழுத்துகள் 15. இவற்றை ஒரு சொல்லில் அடக்க முடியாது. அதனால் 15 சொற்கள் கொண்ட ஒரு கவிதை வரியை அமைத்து, ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் ஓர் இக்ஃபா எழுத்தாக வரும்படி செய்தார்கள். இந்த வரி இருப்பது எகிப்து நாட்டு அறிஞர் சுலைமான் அல்ஜம்ஸூரி இயற்றிய ‘துஹ்ஃபத்துல் அத்ஃபால்’ என்னும் நூலில். பெயரின் பொருளே ‘குழந்தைகளுக்கான அன்பளிப்பு’ என்பதுதான். மொத்தம் 61 பாடல் வரிகள். எழுதி முடித்த ஆண்டு ஹிஜ்ரி 1198.

இந்த 61-ஐயும் 1198-ஐயும் நூலின் கடைசியில் அவர் எண்ணாக எழுதவில்லை. அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் அப்ஜத் முறையில் ஒரு மதிப்பு உண்டு. அலிஃப் 1, பா 2, யா 10, காஃப் 100 என்று போய் ஃகைன் 1000-இல் முடியும். எழுத்துகளின் மதிப்பைக் கூட்டினால் 61 வரும்படி இரண்டு சொற்களையும், 1198 வரும்படி ஒரு சிறு தொடரையும் பாட்டிலேயே வைத்துவிட்டார். பாட்டு நினைவிருந்தால் வரிகளின் எண்ணிக்கையும் எழுதிய ஆண்டும் நினைவிருக்கும்.

இலக்கணத்துக்கு இப்னு மாலிக் அவர்களின் ‘அல்ஃபிய்யா’ இருக்கிறது. ஸ்பெயினில் பிறந்து, ஹிஜ்ரி 672-இல் டமாஸ்கஸில் மரணித்த அவர், அரபு இலக்கணத்தை ஏறத்தாழ ஆயிரம் பாடல் வரிகளில் அடக்கினார். நூலின் பெயருக்கே ‘ஆயிரம்’ என்ற பொருள்தான். மாணவன் முதலில் பாட்டைப் பாடமிடுவான். பிறகு உஸ்தாத் ஒவ்வொரு வரியாக விரித்துப் பொருள் சொல்வார். கல்வி பாட்டிலேயே நின்றுவிடாது என்பதைக் கவனியுங்கள். பின்னால் இது நமக்குத் தேவைப்படும்.

தமிழ் வகுப்பிலும் அதே வழிதான்

இது அரபிக்கு மட்டும் உரியது அல்ல. கசடதபற வல்லினம், ஙஞணநமன மெல்லினம், யரலவழள இடையினம் என்று நாம் எல்லோரும் மூன்றாம் வகுப்பிலோ நான்காம் வகுப்பிலோ ராகம் போட்டுப் படித்தவர்கள்தான். யர்மலூனும் ஆறு எழுத்து, கசடதபறவும் ஆறு எழுத்து. எனக்கு ஓதிக் கொடுத்த உஸ்தாதும் தமிழ் ஐயாவும் ஒருவரை ஒருவர் சந்தித்ததே இல்லை. ஆனால் இருவரும் கையாண்டது ஒரே முறை.

செய்யுளை அலகிட்டு வாய்பாடு எழுதச் சொல்லும் கேள்வியும் அப்படித்தான். நேர் நேர் என்பதற்குத் ‘தேமா’, நிரை நேருக்குப் ‘புளிமா’, நிரை நிரைக்குக் ‘கருவிளம்’, நேர் நிரைக்குக் ‘கூவிளம்’. அந்தச் சொல்லை அலகிட்டுப் பார்த்தாலே அதன் அசை தெரியும். விதியை வேறு மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. குறளின் கடைசிச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு. அரபு இலக்கணத்தில் ‘ஃபஅல’ என்ற அளவுகோலை வைத்து எந்த வினைச்சொல்லையும் அளப்பார்களே, அதே வேலையைத் தேமாவும் புளிமாவும் இங்கே செய்கின்றன. மக்தபில் ‘ஃபாஇல், மஃப்ஊல்’ ஒப்பிக்கும் பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். தமிழ் இலக்கணத்தின் மீதுள்ள பயம் பாதி போய்விடும்.

பள்ளிக்கூடத்தில் பயன்படுபவை

நினைவுக் குறிப்புகளில் பிள்ளைகளுக்கு அதிகம் உதவுபவை மூன்று வகை.

முதல் வகை, முதல் எழுத்துகளைச் சேர்ப்பது. வானவில்லின் ஏழு நிறங்களுக்கு ‘விப்ஜியார்’. கணக்கில் எதை முதலில் செய்வது என்பதற்குப் ‘போட்மாஸ்’. முக்கோணவியலில் சைன், காஸ், டேன் மூன்றுக்கும் ‘சோ கா டோவா’. இவை ஆங்கில எழுத்துகளால் ஆனவை. தமிழ்வழியில் படிக்கும் பிள்ளை தமிழிலேயே செய்துகொள்ளலாம்.

அன்று அந்தப் பையனிடம் கோள்களின் வரிசையைக் கேட்டேன். வியாழனும் சனியும் இடம் மாறி வந்தன. "நீயே ஒரு வாக்கியம் சொல்லு பார்ப்போம்" என்றேன். புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் என்று எழுதி வைத்துக்கொண்டு கால் மணி நேரம் தலையைச் சொறிந்தான். பிறகு இப்படிச் சொன்னான்: "புது வெள்ளைப் பூனை செல்லமா விளையாடி, சட்டுனு யூசுஃப் நெஞ்சில ஏறுச்சு." யூசுஃப் யார் என்று கேட்டேன். "யாரும் இல்ல ஹஜ்ரத், யுரேனஸுக்காக வெச்சேன்" என்றான். அவன் அத்தாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு விஷயம். நான் படித்த காலத்தில் புளூட்டோவையும் சேர்த்துக் கோள்கள் ஒன்பது. 2006-இல் சர்வதேச வானியல் ஒன்றியம் கோளுக்கு வரையறை வகுத்து, புளூட்டோவைக் குறுங்கோள்களோடு சேர்த்துவிட்டது. நாம் படித்த பழைய வாக்கியத்தைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்குமுன், இப்போதைய பாடப்புத்தகத்தைத் திறந்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டாம் வகை, உடம்பையே குறிப்பேடாக ஆக்குவது. கையை மடக்கி விரல் முட்டிகளில் மாதங்களை எண்ணுவோம். முட்டியில் விழும் மாதத்துக்கு 31 நாள். பள்ளத்தில் விழுவதற்கு 30, பிப்ரவரிக்கு மட்டும் 28 அல்லது 29. ஜூலை கடைசி முட்டி. ஆகஸ்டுக்கு மறுபடி முதல் முட்டிக்கு வர வேண்டும். அதனால் இரண்டுக்கும் 31.

ஆனால் ஹிஜ்ரி மாதங்களை இப்படி முட்டியில் எண்ண முடியாது. பிறையைப் பொறுத்து ஒரே மாதம் ஓர் ஆண்டு 29 ஆகவும் மறு ஆண்டு 30 ஆகவும் வரும். இதை நபி (ஸல்) அவர்கள் விளக்கிய விதம் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. பத்து விரல்களையும் மூன்று முறை விரித்துக் காட்டி, மூன்றாவது முறை ஒரு பெருவிரலை மடக்கி 29 என்பதை உணர்த்தினார்கள். எழுதவும் கணக்கிடவும் அறியாத மக்களுக்கு விரல்களே போதுமானதாக இருந்தன.

மூன்றாம் வகை, சொல்லின் வரலாற்றையும் பொருளையும் பிடித்துக்கொள்வது. என் அனுபவத்தில் மிக உறுதியானது இதுதான். வேதியியலில் பொட்டாசியத்தின் குறியீடு ‘கே’ என்பது பிள்ளைகளைக் குழப்பும். ‘பி’ என்று எழுதிவிட்டு மதிப்பெண்ணை இழப்பார்கள். அந்தக் ‘கே’ காலியம் என்ற பெயரின் முதல் எழுத்து. காலியம் வந்தது ஆல்கலி என்ற சொல்லிலிருந்து. ஆல்கலி வந்தது செடிகளை எரித்த சாம்பலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து. முன்னால் உள்ள ‘அல்’ நமக்குத் தெரிந்த அதே ‘அல்’தான். இதைக் கேட்ட பிள்ளை பொட்டாசியத்துக்கு மறுபடி ‘பி’ போடுமா?

வெள்ளிக்கு ‘ஏஜி’ ஏன்? லத்தீனில் வெள்ளிக்கு அர்ஜென்டம் என்று பெயர். அர்ஜென்டினா நாட்டின் பெயரும் அதிலிருந்து வந்ததே. உலகக் கோப்பை பார்க்கிற பிள்ளைக்கு இது போதும். ஈயத்துக்குப் ‘பிபி’ என்பது பிளம்பம். பழைய காலத்தில் தண்ணீர்க் குழாய்கள் ஈயத்தில் இருந்தன. குழாய் வேலை செய்பவரைப் பிளம்பர் என்று அழைப்பது அதனால்தான்.

கயிறு எங்கே அறுகிறது?

குர்ஆனைப் பாடமிட்டவருக்கு நபி (ஸல்) அவர்கள் ஓர் உவமை சொன்னார்கள். கட்டி வைக்கப்பட்ட ஒட்டகத்தின் சொந்தக்காரரைப் போன்றவர் அவர். கவனித்து வந்தால் ஒட்டகம் இருக்கும், அவிழ்த்துவிட்டால் போய்விடும் என்ற கருத்தில் அமைந்த ஹதீஸ் அது. படிப்புக்கும் இது பொருந்தும். நினைவுக் குறிப்பு என்பது கயிறு. பாடம்தான் ஒட்டகம். கயிறு மட்டும் கையில் இருந்து என்ன பயன்?

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆலிம் பட்டம் வாங்கிய பிறகு அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு படித்தேன். முகலாயர் வரிசையைப் ‘பா ஹு அ ஜ ஷா ஔ’ என்று பாடமிட்டு வைத்திருந்தேன். பாபர், ஹுமாயூன், அக்பர், ஜஹாங்கீர், ஷாஜஹான், ஔரங்கசீப். 1526-இல் தொடங்கி 1707 வரை ஆண்டுகளும் தெரியும். தேர்வில் வந்த பெரிய கேள்வி ஷெர்ஷாவின் நிர்வாகம் பற்றியது. 1540 முதல் 1555 வரை ஹுமாயூன் கையில் டெல்லியே இல்லை; சூர் வம்சம் ஆண்டது. என்னுடைய அழகான வரிசையில் அந்தப் பதினைந்து ஆண்டுகளுக்கு எழுத்தே இல்லை. அந்தத் தாளில் தோற்றேன். மறுபடி எழுதித்தான் தேறினேன்.

போட்மாஸிலும் இதே ஆபத்து உண்டு. 10 − 3 + 2 எவ்வளவு என்று உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள். கூட்டல் எழுத்து முன்னால் வருகிறது என்று 3-ஐயும் 2-ஐயும் கூட்டி, 10-இலிருந்து கழித்து 5 என்று சொல்லலாம். சரியான விடை 9. கூட்டலும் கழித்தலும் சம நிலை. இடமிருந்து வலமாக எது முதலில் வருகிறதோ அதை முதலில் செய்ய வேண்டும். பெருக்கலும் வகுத்தலும் அவ்வாறே. குறிப்பு தவறு அல்ல. விளக்கம் இல்லாமல் குறிப்பை மட்டும் கொடுத்ததுதான் தவறு.

விப்ஜியார் நிறங்களின் வரிசையைத் தரும். எந்தப் பக்கம் அலைநீளம் அதிகம் என்பதைத் தராது. ஊதா ஏறத்தாழ 400 நானோமீட்டர், சிவப்பு ஏறத்தாழ 700. அலைநீளம் கூடினால் ஒளி குறைவாகச் சிதறும். அபாய விளக்குக்குச் சிவப்பைத் தேர்ந்தெடுக்க அது ஒரு காரணம். இவ்வளவும் தெரிந்த பிறகு விப்ஜியார் சொன்னால்தான் அது படிப்பு.

திருப்பிப் பார்க்காத பாடம் தங்காது

1885-இல் ஹெர்மன் எப்பிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், மறதியைப் பற்றித் தன் மீதே செய்த சோதனைகளை நூலாக வெளியிட்டார். பொருளற்ற அசைகளைப் பாடமிட்டு, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்தார். மறதி முதல் சில மணி நேரங்களில்தான் வேகமாக நடக்கிறது, பிறகு மெதுவாகிறது என்று கண்டார். ஒரே மூச்சில் பலமுறை படிப்பதைவிட, இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பது நிலைக்கிறது என்றும் கண்டார்.

நம் ஹிஃப்ழ் மதரஸாக்களில் இந்த முறை நெடுங்காலமாக நடைமுறையில் இருக்கிறது. இன்றைக்குப் புதுப் பாடம், அதனுடன் இந்த வாரத்துப் பாடம், அதனுடன் எப்போதோ முடித்த பழைய ஜுஸ்உ. மூன்றையும் ஒரே நாளில் ஒப்பிக்க வேண்டும். புதுப் பாடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பழையதை ஒப்பிக்காமல் உஸ்தாத் விடமாட்டார். இதே பிள்ளைகள் பள்ளிப் பாடத்தைத் தேர்வுக்கு முந்தைய இரவு முதன்முறையாகத் திறக்கிறார்கள். பிறகு மறக்காமல் என்ன செய்யும்?

பெற்றோர்களுக்குச் சில வேண்டுகோள்கள்

முதலாவது, பாடம் புரிந்த பிறகே குறிப்பைக் கொடுங்கள். "ஏன்?" என்று பிள்ளை கேட்டு, அதற்கு விடை கிடைத்த பிறகு கட்டுகிற கயிறு அறுகாது.

இரண்டாவது, குறிப்பைப் பிள்ளையே உருவாக்கட்டும். வேடிக்கையாக இருந்தால் நல்லதே. யாரையும் புண்படுத்தாத வேடிக்கையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வெள்ளைப் பூனையை அவனே உருவாக்கியதால்தான் அது அவன் நினைவில் நிற்கிறது.

மூன்றாவது, புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அன்றிரவு ஒருமுறை, மறுநாள் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை, ஒரு மாதம் கழித்து ஒருமுறை. ஹிஃப்ழ் உஸ்தாத் செய்வதை வீட்டில் உம்மாவோ அத்தாவோ செய்தால் போதும். உங்களுக்கு அந்தப் பாடம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை; புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டால் போதும்.

நான்காவது, "மக்கு", "மரமண்டை", "உன் சாச்சா மகன் ஹாஃபிழாயிட்டான், நீ என்ன பண்றே?" இந்தப் பேச்சை விட்டுவிடுங்கள். வேறெதையும் மறக்கும் பிள்ளைகூட இந்தச் சொற்களை மறப்பதில்லை.

ஐந்தாவது, எல்லாச் சிரமத்துக்கும் நினைவுக் குறிப்பு மருந்தல்ல. கரும்பலகை தெரியாத பிள்ளைக்குக் கண் பரிசோதனை வேண்டும். எழுத்துகள் தொடர்ந்து இடம் மாறினால், வாசிக்கவே திணறினால், மருத்துவரிடமோ பயிற்சி பெற்ற சிறப்பு ஆசிரியரிடமோ காட்ட வேண்டும். அடிப்பதும் திட்டுவதும் அங்கே அநியாயமாகிவிடும்.

கடைசியாக, பெண் பிள்ளைகள். "இவளுக்குக் கணக்கு வராது, பத்தாவதோட போதும்" என்று எத்தனை வீடுகளில் முடிவு செய்கிறோம்! யாஸீன் சூராவை மனப்பாடமாக ஓதுகிற பெண்ணுக்கு மூன்று முக்கோணவியல் சூத்திரம் வராது என்பது எந்தக் கணக்கு?

அந்தப் பையன் ஆண்டுத் தேர்வில் அறிவியலில் 43 வாங்கினான். பெரிய மதிப்பெண் இல்லை. ஆனால் கடைக்குப் போகவில்லை. இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறான். போன மாதம் அவன் அத்தா மறுபடி வந்தார். இந்த முறை கையில் ஆறாம் வகுப்பு படிக்கும் மகள்.

"இவளுக்கும் அந்த மாதிரி ஏதாச்சும் சொல்லிக் குடுங்க ஹஜ்ரத்" என்றார்.

"நான் எதுக்கு பாய்? வீட்டுலயே ஆள் இருக்கே. அண்ணன்கிட்ட கேக்கச் சொல்லுங்க" என்றேன்.

அந்தப் பெண் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். "பூனைக் கதை எனக்கு அப்பவே தெரியும் ஹஜ்ரத்" என்றாள்.